ஒடுக்கெடுத்தலும் ஒளித்து வைத்தலும்

ஒடுக்கு விழுந்த குடத்தைக் குப்பையில் எறியும் வழக்கம் முன்னாளில் நம் இல்லங்களில் இருந்ததில்லை. ஈயம் பூசுவோரும் ஒடுக்கெடுப்போரும் தெருவில் குரல் கொடுத்து வருவர். வீட்டுத் தலைவி குடத்தைத் திண்ணையில் கொணர்ந்து வைப்பாள். குடத்தின் வாய்வழியே வளைந்த இரும்பொன்றைச் செலுத்தி உள்ளே முட்டுக் கொடுத்து, வெளியே மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, சிறிது நேரத்தில் அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவர். அந்தக் கைத்தொழிலின் தொடர்ச்சியே இன்று நம் நகரங்களின் மோட்டார்ப் பட்டறைகளில் 'டிங்கர் வேலை' என்று வழங்குகிறது. டிங்கர் என்னும் ஆங்கிலச் சொல்லும் முதலில் குறித்தது ஊர் ஊராய்ச் சென்று பாத்திரம் பழுது பார்ப்பவரைத்தான்.

காரைப் பற்றிய கட்டுரை குடும்பப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பழைய வண்டி ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்னும் நம்பிக்கையில் மனைவியின் நகையை அடகு வைக்கும் இளைஞர்கள் நம் பங்குகளில் உளர். தந்தை விட்டுச்சென்ற வண்டியை விற்பதா, செப்பனிடுவதா என்று தெரியாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்களும் உள. வாங்கிய வண்டியை மந்திரித்துத் தருமாறு கோயில் வாயிலுக்குக் கொணர்வோரின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நாம் அறிவோம். பளபளக்கும் அந்த வண்ணத்தின் கீழே இருப்பது இரும்பா, வெறும் பட்டியா என்பதை அவர்களுள் எத்தனை பேர் பார்த்து வாங்கினர் என்பதே நம் கவலை. ஏனெனில் இது அழகை மட்டும் பொறுத்த செய்தியன்று. பணத்தையும், சிலவேளை உயிரையும் பொறுத்த செய்தி.

பழைய வண்டிகளின் உடலமைப்பு

நம் நாட்டில் பழைய கார் என்றவுடன் நினைவுக்கு வருவது அம்பாசிடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரை அது செய்யப்பட்டது. பம்பாய்க் குர்லாவில் பிறந்த பிரீமியர் பத்மினி, இத்தாலிய ஃபியட் 1100-இன் வழி வந்தது. மும்பை நகரின் டாக்சித் தொழிலில் நெடுங்காலம் உழைத்த பத்மினி வண்டிகள், டாக்சிகளுக்கு அங்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விடைபெற்றன. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்னும் சில வீடுகளில் போற்றிக் காக்கப்படுகிறது.

இவற்றின் அமைப்பில் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். ஹெரால்டுக்குச் சட்டம் தனி, உடல் தனி. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, தூண்கள், கூரை, கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற அடிவரம்பு ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்த உடலே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தகடுகள் இருவகைப்படும். மட்கார்டு, பானெட், டிக்கி மூடி, கதவின் மேல்தோல் ஆகியவை பெரும்பாலும் மேனிக்குரியவை. தரையும் தூணும் அடிவரம்பும் எலும்புக்கு ஒப்பானவை. மேனியில் விழுந்த ஒடுக்கு பார்வைக்குக் குறை. எலும்பில் ஏறிய துருவோ ஆபத்து. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டே இனி வருவனவற்றைப் படிக்க வேண்டும்.

தகட்டின் இயல்பு

காரின் மேனித் தகடு மென்மையான எஃகால் ஆனது. பழைய வண்டிகளில் அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பெரிய அச்சு எந்திரத்தில் அழுத்தும்போது தட்டையான தகடு வளைவு பெறுகிறது. அந்த வளைவே அதற்கு விறைப்பைத் தருகிறது. விரலால் சிறிது அழுத்தினால் உள்ளே போய், விரலை எடுத்தவுடன் தகடு திரும்பி வரும். இது மீளும் தன்மை. அளவு கடந்து அழுத்தினால் மடிந்த இடத்தில் மடிப்பு நிலைத்துவிடும். பிறகு தானே மீளாது.

மடிந்த இடத்திற்கு மற்றுமோர் இயல்பு உண்டு. ஒரு கம்பியை வளைத்துப் பின் நிமிர்த்திப் பாருங்கள். முதலில் வளைந்த இடத்திலேயே நிமிராமல் பக்கத்தில் வளையும். வளைத்த இடம் முன்னிலும் கடினப்பட்டுவிட்டதே காரணம். தகட்டிலும் அவ்வாறே. மோதலினால் உண்டான பள்ளத்தின் விளிம்பில் எழும் வரப்பும், நடுவில் விழும் மடிப்புமே கடினப்பட்ட இடங்கள். பள்ளத்தின் பெரும்பகுதிக்கு உண்மையில் ஊறு எதுவும் இல்லை. அந்த வரப்பு இழுத்துப் பிடித்திருப்பதால் மட்டுமே அது உள்ளே கிடக்கிறது. பிடியைத் தளர்த்தினால், தன் மீளும் தன்மையாலேயே பெரும்பாலும் எழுந்து வந்துவிடும்.

இந்த உண்மையை அறியாதவர் செய்யும் முதற்காரியம், பள்ளத்தின் நடுவே உட்புறமிருந்து பெரிய சுத்தியால் ஓங்கி அறைவதாகும். பள்ளம் வெளியே வந்ததுபோல் தோன்றும். ஆனால் அடிபட்ட இடமெல்லாம் தகடு மெலிந்து பரப்பில் பெருகியிருக்கும். முன்பு ஒரு பள்ளம் இருந்த இடத்தில் பத்து மேடுகள் தோன்றியிருக்கும். மோதல் செய்த கேட்டினும் அவசரச் சுத்தி செய்த கேடு பெரிதாகிவிடும்.

சுத்தியும் டாலியும்

தேர்ந்த டிங்கர் வேலையைத் தொடங்குமுன் சிறிது நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். அதைச் சோம்பல் என்று கருதலாகாது. அடி எங்கே முதலில் பட்டது, எந்த வழியே பரவியது, எங்கே முடிந்தது என்பதை அவர் கண்ணால் படிக்கிறார். கடைசியில் உண்டான நெளிவை முதலில் எடுத்து, முதலில் உண்டான நெளிவைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. சிக்கல் விழுந்த நூலை அவிழ்ப்பவரும் இந்த முறையையே கைக்கொள்கிறார்.

பின்னர் உட்புறத்து விரிப்பு, விளக்கு, அலங்காரப் பட்டை முதலியவற்றைக் கழற்றி, தகட்டின் பின்புறத்தில் படிந்த சேற்றையும் தாரையும் சுரண்டி எடுப்பார். அடுத்து வருவன இத்தொழிலின் இரு கருவிகள். ஒன்று, முகம் சிறிதே குவிந்து மழமழப்பாக்கப்பட்ட இலேசான சுத்தி. மற்றொன்று, உள்ளங்கையில் அடங்கும் கனத்த இரும்புக் கட்டியாகிய டாலி. டாலியின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வளைவுடையது. தகட்டின் வளைவுக்கு ஏற்ற பக்கத்தைத் தேர்ந்து பிடிக்க வேண்டும்.

முதற்கட்டத்தில் டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் எழுந்த வரப்பின்மீது வெளியிலிருந்து தட்டுவர். வரப்பு தாழத் தாழ, டாலியின் அழுத்தத்தால் பள்ளம் எழும். இங்கே சுத்தி ஓரிடத்தில், டாலி வேறிடத்தில். வடிவம் ஏறத்தாழ மீண்டபின் இரண்டாம் கட்டம். டாலியின் மீதே நேராகச் சுத்தி விழும். இடையில் அகப்பட்ட தகடு சமப்படும். முதல் வகைத் தட்டில் ஓசை மந்தமாக இருக்கும். இரண்டாம் வகையில் கணீரென்று ஒலிக்கும். அநுபவமுள்ளவர், கண்ணை மூடிக்கொண்டும் ஓசையைக் கொண்டே வேலை எவ்வளவில் இருக்கிறது என்று கூறிவிடுவர். பல இலேசான தட்டுகளே நல்ல வேலைக்கு அடையாளம். சில பலத்த அடிகள் அன்று.

சமப்பட்டதா என்று சோதிக்கக் கண்ணை நம்புவதில்லை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நல்ல பகுதியிலிருந்து பழுதுபட்ட பகுதியைக் கடந்து மறுபக்கத்து நல்ல பகுதிவரை தடவிப் பார்ப்பர். ஒரு மெல்லிய துணியை இடையில் வைத்துத் தடவினால் சிறு மேடுபள்ளமும் புலப்படும். அகன்ற அரத்தை மேலோட்டமாக ஓட்டினால் மேடுகள் மட்டும் மின்னும். பள்ளங்கள் மங்கியே இருக்கும். மேட்டைத் தாழ்த்தி, பள்ளத்தை எழுப்பி, மீண்டும் அரம் ஓட்டிப் பார்ப்பர். மின்னும் மேட்டை அரத்தாலேயே தேய்த்து ஒழித்துவிட எண்ணுவது பிழை. தகடு ஓட்டையாகும் அளவுக்கு மெலிந்துவிடும்.

தகடு பெருகிவிட்டால்

சில இடங்களில் தகடு உண்மையிலேயே நீண்டு பெருகியிருக்கும். விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய், டப்பென்று வெளியே வரும். அதைச் சுத்தியால் தட்டத் தட்ட இன்னும் பெருகுமேயன்றிக் குறையாது. அங்கே நெருப்பின் துணை வேண்டும். மேட்டின் நடுவே காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சுவர். சூடேறிய இடம் விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடங்கொடாது. எனவே மென்மையுற்ற அவ்விடம் பக்கவாட்டில் விரியாமல் கனத்தில் தடிக்கும். உடனே சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத் துணியால் குளிர்விப்பர். குளிரும்போது தகடு சுருங்கி இழுபடும், பெருக்கம் குறையும். படிப்பறிவு வாயாத பலர் வெப்பத்தின் இயல்பைப் பயன்படுத்தும் இந்த நுட்பத்தைக் கையளவில் தேர்ந்திருக்கக் காண்கிறோம்.

ஆயினும் இது பழைய வண்டிகளின் மென்மையான எஃகுக்கே பொருந்தும். இக்காலக் கார்களின் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் அமைந்த உயர்வலிமை எஃகைக் காய்ச்சினால் அதன் வலிமை கெட்டுவிடும். பழைய வண்டியில் கற்ற பாடத்தைப் புதிய வண்டியில் அப்படியே நடத்தலாகாது.

பட்டியின் இடம் எது?

எவ்வளவு திறமையாகத் தட்டினும் மெல்லிய அலைகள் எஞ்சும். அவற்றை நிரப்ப முன்பெல்லாம் ஈயத்தைப் பயன்படுத்தினர். ஈயம் 70, வெள்ளீயம் 30 என்னும் விகிதத்தில் கலந்த பற்று, 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, முழுதும் உருகுவதற்குமுன் வெண்ணெய் போன்றதொரு நிலையில் நிற்கும். அந்நிலையில் மரத் துடுப்பால் தகட்டின்மேல் பரப்பலாம். தகட்டோடு ஒன்றிப்போகும் இப்பற்று பல்லாண்டு நிலைக்கும். ஆனால் ஈயத்தின் தூளும் ஆவியும் நஞ்சு. செய்வோரும் இன்று அருகிவிட்டனர்.

இன்றைய பட்டறைகளில் வழங்குவது பாலியெஸ்டர்ப் பட்டி. பிசினில் மாக்கல் தூள் கலந்தது அது. அதனுடன் 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு இறுக்கும் பசையைச் சேர்த்துக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இது நல்ல பொருளே; இதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் இதற்கு எல்லை உண்டு. நன்றாகச் சமப்படுத்திய தகட்டின்மேல், துருவும் எண்ணெயும் நீக்கிச் சொரசொரப்பாக்கிய பரப்பில், மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசுவதே முறை. அதற்கு மேற்பட்ட கனத்தில் பூசினால், வெயிலிலும் அதிர்விலும் தகடு ஒருவாறும் பட்டி ஒருவாறும் அசைய, நாளடைவில் வெடிப்புக் காணும்.

இறுகிய பட்டி நீரை உறிஞ்சும் என்பதைப் பலர் கருதுவதில்லை. எனவே அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180, 320 என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு வர வேண்டும். தாளை ஒரு நேரான கட்டையில் சுற்றித் தேய்த்தால் அலை விழாது. அதன்பின் பிரைமர். சாதாரணப் பிரைமரும் நீரை முற்றும் தடுப்பதன்று. பிரைமர் அடித்த வண்டியை ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் நிறுத்திவிட்டு, பிறகு அதன்மேல் வண்ணம் அடித்தால், உள்ளே தங்கிய ஈரம் அடுத்த ஆண்டில் கொப்புளமாக வெளிப்படும்.

துருவை மூடுவது தீர்வாகாது

ஒடுக்கைவிடப் பழைய வண்டிக்குப் பெரும் பகை துரு. நீரும் உயிர்வளியும் சேர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். உப்புக்காற்று அதை விரைவுபடுத்தும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் வண்டிகள் அதனாலேயே சீக்கிரம் அரிக்கப்படுகின்றன. இரும்பினும் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே வண்ணத்தை உள்ளிருந்து தள்ளி உப்ப வைக்கும். வெளியே காசளவு கொப்புளம் கண்டால், உள்ளே கையளவு அரிப்பு இருக்கலாம்.

கதவின் அடியில் சிறு துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்கான வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் கதவு தொட்டியாகிவிடும். ஒரு குச்சியால் அத்துளைகளை ஆண்டுக்கு இருமுறை திறந்துவிடும் சிறு செயல், பின்னாளில் பெருஞ் செலவைத் தடுக்கும்.

துருவேறி ஓட்டையான தகட்டுக்கு ஒரே வழிதான் உண்டு. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, அதே வடிவில் புதுத் தகடு செய்து பற்றவைக்க வேண்டும். முன் மட்கார்டு போன்றவை முழுதும் கெட்டிருந்தால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழம்பொருள் அங்காடிகளில் நல்லதொன்று தேடி மாற்றுவது மலிவாகவும் முடியலாம். இவ்விரண்டையும் விடுத்து, ஓட்டையில் துணியையும் காகிதத்தையும் திணித்து, அதன்மேல் பட்டியை அப்பி, வண்ணம் அடித்து விற்பவர் உளர். மட்கார்டில் அவ்வாறு செய்தால் வாங்கியவருக்குப் பண நட்டம். அடிவரம்பிலோ தரையிலோ செய்தால், மோதல் நேரும் நாளில் உள்ளிருப்போரைக் காக்க வேண்டிய பெட்டி காகிதப் பெட்டியாகிவிடும். பின்னிருக்கையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் தந்தைக்கு இது தெரியாது. தெரிந்தே செய்தவர் ஒருவரும், தெரிந்தே விற்றவர் ஒருவரும் இருக்கிறார்கள். கண்ணுக்கு மறைத்த காரணத்தால் அது பொய்யுரையினும் குறைந்த குற்றமாகிவிடாது.

வாங்குவோர் கவனத்திற்கு

பழைய வண்டி வாங்கச் செல்வோர் சில எளிய சோதனைகளை மறவாதிருப்பாராக. பகல் வெளிச்சத்தில், வண்டி உலர்ந்திருக்கும்போது பாருங்கள். மழைநீரும் இரவு விளக்கும் குறைகளை மறைக்கும். ஒரு முனையில் குனிந்து நின்று பக்கவாட்டில் நீளமாக நோக்குங்கள். நேர்க்கோடாகத் தெரிய வேண்டிய ஒளி நெளிந்து காட்டினால் அங்கே வேலை நடந்திருக்கிறது. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, அடிவரம்பு ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள்; எஃகில் இறுகப் பற்றும் காந்தம், கனத்த பட்டியின்மேல் நழுவி விழும். விரல் முட்டியால் தட்டினால் தகடு ஒலிக்கும். பட்டி மொத்தென்று கேட்கும்.

விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவுகளைத் திறந்து மூடுங்கள்; தொங்கினாலோ இடைவெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருந்தாலோ, கீலில் தேய்மானமா உடலில் தளர்ச்சியா என்று விசாரியுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். நல்ல வண்டி எழும்பும், அரித்த வண்டியில் இரும்பு நொறுங்கும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். தில்லி போன்ற இடங்களில் விதி கடுமையானது. ஆகவே பதிவுப் புத்தகத்தில் நாள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதையும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

கைவினைஞரின் நலம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, சுத்தி பிடிப்பவரை மறப்பது முறையன்று. நாள் முழுதும் தகட்டோசை கேட்கும் காது மெல்ல மெல்லச் செவிடாகும். பட்டித் தூள் நுரையீரலில் படியும். இக்காலத்து இருகலவை வண்ணங்களின் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள், உரிய முகக்கவசமின்றி விசிறியடிப்பவருக்கு ஆஸ்துமாவை வருவிக்க வல்லது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. பற்றவைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் தொட்டியின் அருகில் வேலையெனில் தொட்டியையே அகற்றி வைப்பதும் தவிர்க்கலாகாத காவல்கள். இத்தொழிலுக்குத் தம் பிள்ளைகளை அனுப்பியுள்ள பெற்றோர், காதடைப்பும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்து, அவற்றை அணிகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

கூலி பேசுவதிலும் நமக்கு ஒரு கடமை உண்டு. ஒரு கதவை முறையாகத் தட்டிச் சமப்படுத்த ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்; பட்டியை அப்பி மறைக்க ஒரு மணி நேரம் போதும். பண்டிகைக்குமுன் முடிய வேண்டும், பாதிக் கூலிதான் தருவோம் என்று நாமே நெருக்கினால், நேர்மையாக வேலை செய்ய விரும்புபவரையும் மறைக்கும் வழியில் தள்ளியவர்கள் ஆவோம். மலிவைத் தேடியவர் ஏமாற்றப்பட்டேன் என்று குறைகூறுவது பாதி நியாயமே.

ஆகவே வண்டியைப் பட்டறையில் விடும்போது இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வேலைக்கு உரிய நாளையும் கூலியையும் தருகிறோம் என்பது ஒன்று. பட்டி பூசுவதற்குமுன் எங்களை அழைத்து வெறுந் தகட்டைக் காட்டுங்கள் என்பது மற்றொன்று. நல்ல கைவினைஞர் இதைக் கேட்டு மகிழ்வார். தம் வேலையைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தார் என்று எண்ணுவார். காட்டத் தயங்குபவரிடமிருந்து வண்டியை அப்போதே திருப்பி எடுத்துச் செல்வது நலம்.